அமெரிக்க டிரெட்நாட் கப்பல்கள்: சகோதரிகளைப் படம் பார்த்துப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

என் கணினியில் 'டெக்ஸஸ், 1930கள்' என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் படம் ரொம்ப காலம் இருந்தது. மாடல் செய்வதற்காக ஒருநாள் அதைப் பெரிதாக்கிப் பீரங்கி மேடைகளை எண்ணினேன். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. மறுபடி எண்ணினேன், அதே ஆறுதான். முன்பக்கக் கம்பமும் டெக்ஸஸுக்கு அந்த வருடங்களில் இருந்திருக்கவே முடியாத வகை. அத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆர்கன்சா. படத்துக்குக் கீழே யாரோ எழுதி வைத்த பெயரை நம்பியதன் பலன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம்: படக்குறிப்பைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் காலம், அப்புறம் வகுப்பு (ஒரே வரைபடத்தில் கட்டிய சகோதரிக் கப்பல்களின் குழு), அதற்கப்புறம்தான் பெயர். இந்த வரிசை மாறினால் எப்படியும் சறுக்கும். ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்களும் வெள்ளோட்டத்தன்றுதான் இரட்டையர். பத்து வருடத்தில் ஒன்றின் கம்பம் மாறும், இன்னொன்றின் பீரங்கி போகும். எந்த வருடத்துப் படம் என்று தெரியாமல் எந்தக் கப்பல் என்று சொல்ல முடியாது.

1910க்கும் 1923க்கும் இடையில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த டிரெட்நாட்கள் (ஒரே அளவுப் பெரிய பீரங்கிகளையே முதன்மையாகக் கொண்ட போர்க்கப்பல்கள்) 22, வகுப்புகள் பத்து. நியூ மெக்சிகோவும் கொலராடோவும் மும்மூன்று கப்பல் கொண்ட வகுப்புகள், மற்றவை எல்லாம் ஜோடிகள். மனப்பாடம் செய்ய வேண்டிய அளவுக்குப் பெரிய கூட்டம் இல்லை. சுழலும் பீரங்கி மேடையை இனி 'டரெட்' என்றே எழுதுகிறேன்.

படி 1: கம்பத்தைப் பாருங்கள்

இந்த 22 கப்பல்களும் கூண்டுக் கம்பத்தோடுதான் பிறந்தன. மெல்லிய எஃகுக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துப் பின்னி எழுப்பிய கோபுரம். பழைய அலுவலகங்களில் இருந்த பிரம்புக் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். கப்பலின் பாய்மரத்தைப் பழந்தமிழில் 'கூம்பு' என்பார்கள். அந்தச் சொல் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கம்பம் வேறு நாட்டுக் கப்பல்களில் அபூர்வம்.

இந்தப் பின்னல் அமைப்பு ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் ஷுகோவின் யோசனையிலிருந்து வந்தது. நாலைந்து குழாய்களைக் குண்டு அறுத்தாலும் மீதிக் குழாய்கள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. குண்டை விடக் காற்றுதான் வினையானது. 1918 ஜனவரியில் ஹேட்டரஸ் முனைக்கு அப்பால் புயலில் மாட்டிய மிச்சிகனின் முன்கம்பம் முறிந்து விழுந்து ஆறு பேர் இறந்தார்கள்.

நமக்கு வேண்டியது தேதி. இரண்டு கம்பமும் கூண்டு என்றால், பெரும்பாலான கப்பல்களுக்கு அது 1920களின் நடுப்பகுதிக்கு முந்தைய படம். 1922ன் வாஷிங்டன் ஒப்பந்தம் புதிய கப்பல் கட்டத் தடை போட்டது. இருப்பதைப் புதுப்பிக்க அனுமதி உண்டு. 1925லிருந்து கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பட்டறைக்குப் போய் மூன்று தடித்த கால்கள் கொண்ட முக்காலிக் கம்பத்தோடு வெளியே வந்தன. நியூ யார்க், நெவாடா, பென்சில்வேனியா வகுப்புகள் இந்தக் கூட்டம். 1931க்குப் பிறகு போன நியூ மெக்சிகோ வகுப்புக்கு முக்காலியும் இல்லை, கட்டடம் போன்ற கோபுரப் பாலம்தான். டென்னசி, கொலராடோ வகுப்புகளுக்கு முறை வரவே இல்லை. இந்த ஐந்து கப்பல்களும் 1941 டிசம்பர் வரை இரண்டு கூண்டுகளோடுதான் நின்றன.

படி 2: புகைபோக்கிகளை எண்ணுங்கள்

புளோரிடா, வயோமிங், நியூ யார்க் வகுப்புகள் பிறக்கும்போது இரண்டு புகைபோக்கி, புதுப்பித்த பின் ஒன்று. நிலக்கரிக் கொதிகலன்களை எடுத்துவிட்டுக் குறைந்த எண்ணிக்கையில் எண்ணெய்க் கொதிகலன்கள் வைத்ததால் ஒரு புகைவழியே போதுமானது. ஆகவே டெக்ஸஸின் படத்தில் இரண்டு புகைபோக்கி தெரிந்தால் அது 1925க்கு முந்தையது, அவ்வளவுதான்.

நெவாடா தொடக்கத்திலிருந்தே எண்ணெய்க் கப்பல், அதனால் எப்போதும் ஒன்றுதான். பென்சில்வேனியா, நியூ மெக்சிகோ வகுப்புகளும் அப்படியே. அதற்கப்புறம் வந்த டென்னசியும் கொலராடோவும் மெலிந்த இரண்டு புகைபோக்கிகளுக்குத் திரும்பின. இரண்டு மெலிந்த புகைபோக்கி, இரண்டு கூண்டு, வளைந்து முன்னே நீளும் அணியம் (கப்பலின் முன்முனை) மூன்றும் சேர்ந்திருந்தால் அந்த ஐந்தில் ஒன்று.

அணியம் என்றதும் ஒன்று. பென்சில்வேனியா வகுப்பு வரை அணியம் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக நீருக்குள் இறங்கும். நியூ மெக்சிகோவிலிருந்து பழைய பாய்க்கப்பல் போல அழகாக வளைந்து முன்னே நீளும். கூண்டுக் காலத்தில் பென்சில்வேனியாவையும் நியூ மெக்சிகோவையும் பிரிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. டரெட், புகைபோக்கி எண்ணிக்கை இரண்டு வகுப்புக்கும் ஒரே மாதிரிதான்.

படி 3: டரெட்டும் குழலும்

இங்கே பொறுமை வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் பீரங்கிக் குழல்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும், மூன்று குழல் ஒன்றாகத் தெரியும். முக்கால்வாசி திரும்பிய படமாகத் தேடுங்கள்.

டரெட் நான்கு, எல்லாம் இரட்டைக் குழல் என்றால் இரண்டே வாய்ப்பு: தென் கரோலினா வகுப்பு அல்லது கொலராடோ வகுப்பு. முன்னது 12 அங்குலக் குண்டு வீசும் 16,000 டன் சின்னக் கப்பல், பின்னது 16 அங்குலக் குண்டு வீசும் பெரிய உரு. குழம்பவே மாட்டீர்கள். டரெட் ஐந்து என்றால் டெலவேர், புளோரிடா, நியூ யார்க். ஆறு என்றால் வயோமிங் வகுப்பு மட்டும். நான்கு முக்குழல் டரெட் என்றால் பென்சில்வேனியா, நியூ மெக்சிகோ, டென்னசி.

மீதி நெவாடா வகுப்பு. கீழ் டரெட்கள் மூன்று குழல், அவற்றின் தலைக்கு மேல் சுடும் மேல் டரெட்கள் இரண்டு குழல். மேல் டரெட் ஒடுங்கி இருப்பது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். பென்சில்வேனியாவோ நெவாடாவோ என்று இழுபறி வரும்போது மேல் டரெட்டின் முகத்தைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

படி 4: சில்லறைச் சான்றுகள்

கம்பத்தின் உச்சி மேடையில் பெரிய கடிகார முகம் இருக்கிறதா? டரெட்டின் பக்கங்களில் அளவுகோல் போலக் கோடுகளும் எண்களும் தீட்டியிருக்கிறதா? கடிகாரம் இலக்கின் தூரத்தைச் சொல்லும், டரெட்டின் கோடுகள் பீரங்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும். புகையில் இலக்குத் தெரியாமல் பின்னால் வரும் கப்பல் இவற்றைப் பார்த்துத் தன் பீரங்கியைத் திருப்பிக்கொள்ளலாம். இது பிரிட்டிஷ் பழக்கம். 1917 டிசம்பரில் நியூ யார்க், வயோமிங், புளோரிடா, டெலவேர் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ தளத்துக்குப் போய் பிரிட்டிஷ் கடற்படையோடு சேர்ந்தபோது கற்றுக்கொண்டது. ஆகவே இவை இருந்தால் 1918 அல்லது அதற்குப் பின்.

டரெட்டின் முதுகில் பலகை மேடை, அதன்மேல் சின்ன விமானம் என்றால் 1919ஐ ஒட்டிய சில வருடங்கள். 1919 மார்ச்சில் குவாண்டனாமோவில் டெக்ஸஸிலிருந்து ஒரு சாப்வித் கேமல் விமானம் அப்படித்தான் கிளம்பியது. பின்தளத்தில் விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட் இருந்தால் 1922க்குப் பின், அந்த வருடம் மேரிலாந்து தொடங்கி வைத்த வேலை.

கடைசியாக ரேடார். கயிற்றுக்கட்டில் சட்டத்தை நிமிர்த்தி நிறுத்தியது போன்ற ஆன்டெனா. 1938 டிசம்பருக்கு முன் எந்த அமெரிக்கப் போர்க்கப்பல் படத்திலும் இது இருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு எச்சரிக்கை: பழைய படங்களில் சில இடம் வலமாகத் திருப்பி அச்சானவை. கப்பலின் பின்முனையில் பெயர் எழுதியிருப்பார்கள். எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரிந்தால் படத்தைத் திருப்பிவிட்டு முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

படி 5: ஜோடிகளுக்கு வருவோம்

வகுப்பு தெரிந்துவிட்டது, வருடமும் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. இனி அக்காவா தங்கையா?

புளோரிடாவும் யூட்டாவும் 1931 வரை தொல்லை தருவார்கள். அதற்குப் பின் தொல்லை இல்லை. புளோரிடா உடைக்கப்பட்டது. யூட்டா பீரங்கிகளை இழந்து, விமானிகள் குண்டு போட்டுப் பழகும் இலக்குக் கப்பலானது. டரெட் இருக்கிறது, குழல் இல்லை என்றால் யூட்டா. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானியர் தாக்கிய முத்துத் துறைமுகத்தில் (பேர்ல் ஹார்பர்) அதுவும் கவிழ்ந்தது.

வயோமிங், ஆர்கன்சா ஜோடியில் 1931 இன்னும் தெளிவான கோடு. 1930ன் லண்டன் ஒப்பந்தப்படி வயோமிங் பயிற்சிக் கப்பலாகி, ஆறு டரெட்டில் மூன்றைப் பறிகொடுத்தது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, நடுவில் வெட்டவெளி: பல் விழுந்த வாய் போன்ற தோற்றம். 1944ல் மீதி மூன்றும் போய், அந்த இடங்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வந்தன. ஆர்கன்சா ஆறையும் கடைசி வரை வைத்திருந்தது. அதன் முன்கம்பம் 1942 வரை கூண்டு, பிறகு முக்காலி. என் 'டெக்ஸஸ்' மாட்டிக்கொண்டது இங்கேதான்: 1930களில் டெக்ஸஸின் முன்கம்பம் முக்காலி, ஆர்கன்சாவுடையது கூண்டு.

நியூ யார்க்கும் டெக்ஸஸும் கூர்மையான கண் கேட்கும் ஜோடி. இரண்டும் 1914ல் சேவைக்கு வந்தன. இரண்டுக்கும் ஐந்து டரெட், 14 அங்குலப் பீரங்கி பத்து. இரண்டும் ஒரே காலத்தில் புதுப்பிக்கப்பட்டன. எனக்குக் கைகொடுப்பது ரேடார். 1938 டிசம்பரில் இரண்டிலுமே சோதனை ரேடார் ஏறியது, ஆனால் கடற்படை ஆய்வகத்தின் எக்ஸ்.ஏ.எஃப். கருவி வந்தது நியூ யார்க்கில். பாலத்துக்கு மேலே சுமார் 17 அடிச் சதுரச் சட்டம், விளம்பரப் பலகையை நட்டு வைத்தது போல. 1939ஆம் வருடப் படத்தில் அது தெரிந்தால் நியூ யார்க் என்று துணிந்து எழுதலாம். 1941ல் நிலைமை தலைகீழ். அந்தச் சோதனையிலிருந்து பிறந்த சி.எக்ஸ்.ஏ.எம். ரேடாரின் சட்டம் டெக்ஸஸில் ஏறியது.

இன்னும் முந்திய அடையாளம் ஒன்றும் டெக்ஸஸுக்கு உண்டு. 1916ல் அதன் படகுத் தூக்கிகளின் உச்சியில் இரண்டு 3 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் அப்படிப்பட்ட பீரங்கி ஏறியது அதுவே முதல் தடவை. கிரேன் தலையில் பீரங்கி என்பது பார்க்கவே விசித்திரமாக இருக்கும்.

நெவாடா, ஓக்லஹோமா ஜோடியின் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது: நெவாடாவுக்கு டர்பைன், ஓக்லஹோமாவுக்குப் பழைய பிஸ்டன் இயந்திரம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதனால் பிரயோஜனமில்லை. பின்முனைப் பெயரைத் தேடுவதுதான் வழி. 1941 டிசம்பர் 7க்குப் பிறகு கேள்வியே இல்லை, ஓக்லஹோமா கவிழ்ந்துவிட்டது. திரும்பி வந்த நெவாடா ஆளே மாறியிருந்தது. உயர்த்திப் பின்னோக்கி வளைத்த புகைபோக்கி, இரண்டு பக்கமும் மூடிய இரட்டை 5 அங்குலப் பீரங்கிகள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் சுடுவது இந்த உருவம்தான்.

பென்சில்வேனியாவும் அரிசோனாவும்தான் அதிகம் தப்பாகப் பெயரிடப்படும் ஜோடி என்பது என் அனுபவம். அரிசோனாவுக்கு இருக்கும் பெயர் அப்படி. பார்க்கிற முக்காலிக் கப்பலையெல்லாம் 'அரிசோனா' என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய இடம் முன்டரெட்களுக்குப் பின்னால், முக்காலியின் காலடியில். பென்சில்வேனியா கடற்படைத் தலைவரின் கொடிக்கப்பலாகக் கட்டப்பட்டது. அட்மிரலும் அவருடைய ஆட்களும் நிற்க இடம் வேண்டும் என்பதால் அதன் கவசக் கட்டளைக் கூடு ஒரு அடுக்கு கூடுதல், சுற்றியுள்ள பாலமும் பருமன். அரிசோனாவில் அந்த இடம் ஒல்லி. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

நியூ மெக்சிகோ வகுப்பில் மூன்று பேர். இந்த மூன்றாவது கப்பல் வந்த கதையே தனி. 1914ல் அமெரிக்கா மிசிசிப்பி, ஐடஹோ என்ற இரண்டு பழைய கப்பல்களை கிரேக்கத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் ஒன்றைக் கூடுதலாகக் கட்டியது. பெயர்களும் புதியவற்றுக்கே வந்துவிட்டன. அதனால் 'மிசிசிப்பி' என்ற பெயரில் இரண்டு வேறு கப்பல்களின் படங்கள் கிடைக்கும், உஷார். மூவரில் பளிச்சென்று தெரிபவள் ஐடஹோ, அதுவும் 1944 இறுதிப் பழுதுபார்ப்புக்குப் பிறகு. மூடிய பெட்டிக்குள் ஒற்றை ஒற்றையாக 5 அங்குலப் பீரங்கிகள், ஒரு பக்கத்துக்கு ஐந்து. மற்ற இருவருக்கும் அது கிடையாது.

கொலராடோ வகுப்பில் போரின் முடிவில் பார்த்தால் மூவரையும் ஒரே தாய் பெற்றதாகவே தோன்றாது. வெஸ்ட் வர்ஜீனியா முத்துத் துறைமுகத்தில் மூழ்கி, தூக்கப்பட்டு, 1944ல் ஒற்றைப் புகைபோக்கியும் கோபுரமுமாக வந்தது. கொலராடோவும் மேரிலாந்தும் பின்கூண்டை இழந்தாலும் முன்கூண்டைப் போர் முடியும்வரை சுமந்தன. அந்த இரண்டில், மூடிய இரட்டை 5 அங்குலப் பீரங்கிகள் இருந்தால் மேரிலாந்து. 1945ல் விமானத் தற்கொலைத் தாக்குதலில் அடிபட்டுப் பட்டறைக்குப் போனபோது பெற்றுக்கொண்டது அது.

படி 6: அன்றைக்குச் சகோதரி எங்கே இருந்தாள்?

மீண்டும் கட்டப்பட்ட டென்னசி, கலிபோர்னியா, வெஸ்ட் வர்ஜீனியா மூன்றும் 114 அடி அகலம். அன்றைய 110 அடி அகலப் பனாமா கால்வாய் மதகுத் தொட்டிக்குள் நுழைய முடியாத உடம்பு. மூன்றும் ஒரே அச்சு. வெஸ்ட் வர்ஜீனியா இரட்டைக் குழலால் பிரிந்துவிடும். மீதி இரண்டையும் உருவத்தை வைத்து மல்லுக்கட்டாதீர்கள், நாட்குறிப்பைப் பாருங்கள். கலிபோர்னியா 1945 ஜனவரி 6 அன்று பிலிப்பைன்ஸின் லிங்காயென் வளைகுடாவில் தாக்கப்பட்டு, ஜூன் வரை போர்முனைக்குத் திரும்பவில்லை. அதனால் பிப்ரவரியில் ஐவோ ஜிமாவுக்கு முன்னால் அந்த உருவம் முக்குழலோடு நின்றால் டென்னசிதான்.

ஒரு படத்தை முழுசாகப் படிப்போம்

பலரும் பார்த்திருக்கும் படம் ஒன்று. எரியும் போர்க்கப்பல், கரும்புகை, கீழே ஒரு மோட்டார் படகு தண்ணீரிலிருந்து மாலுமியைத் தூக்குகிறது. குறிப்பைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

கம்பம் கூண்டு. ஆனால் முன்கம்பத்தின் உச்சியில் கயிற்றுக்கட்டில் சட்டம் தெரிகிறது, ஆகவே 1940களுக்கு வந்துவிட்டோம். 1940களில் இரட்டைக் கூண்டு வைத்திருந்தவை டென்னசி, கலிபோர்னியா, கொலராடோ, மேரிலாந்து, வெஸ்ட் வர்ஜீனியா மட்டும். ஐந்து பேர்.

எரிகிறது, அதனால் முத்துத் துறைமுகம். கொலராடோ அன்று பழுதுபார்க்க அமெரிக்க மேற்குக் கரையின் பியூஜெட் சவுண்டில் இருந்தது, நீக்குங்கள். நான்கு பேர். ரேடார் சட்டம் அன்று இந்த நால்வரில் கலிபோர்னியாவுக்கும் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கும்தான் இருந்தது. இரண்டு பேர்.

இப்போது புகைக்கு நடுவே பாருங்கள். முன்னால் நிற்கும் கப்பலை ஒட்டி, அதற்கு அந்தப்புறம் இன்னொரு போர்க்கப்பல் தெரிகிறது. கலிபோர்னியா துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல் வரிசையின் கடைசியில் தனியாக நின்றது, பக்கத்தில் துணை கிடையாது. வெஸ்ட் வர்ஜீனியாவின் உட்புறம்தான் டென்னசி நின்றது.

கையை எடுத்துக் குறிப்பைப் படியுங்கள்: வெஸ்ட் வர்ஜீனியா. இந்தத் தடவை எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார்.